மூடுபனிக்குள் காயும் பெட்டி

கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாமல் இழுத்தடிக்கும். குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் நடத்துவது கஷ்டம். அதே காரணத்தால், கொதிநீரில் முக்கி 100 காட்டுகிறதா என்று வெப்பமானியைச் சோதிக்கும் பழைய பள்ளிக்கூட வழியும் இந்த ஊரில் செல்லாது. நாயுடுபுரத்தில் நான் போய்ப் பார்த்த வீட்டில் அதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும், இன்குபேட்டரிலிருந்து உருவிய சென்சார் ஒயரும் ஒன்றாக முங்கியிருந்தன. ஸ்பூனால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த அக்கா. தெர்மாமீட்டரில் 37.6. பெட்டியின் திரையில் 38.1.

“பாத்தீங்களா தம்பி, அரை டிகிரி கூட்டிச் சொல்லுது. இத நம்பி 37.5ல வச்சா உள்ள 37தான் இருக்கும். குஞ்சு ஒரு நாள் தள்ளித்தான் வரும். வந்ததும் தெம்பா இருக்காது.”

அந்தப் பெட்டி அவருடையதல்ல. அதே தெருவில் ஒருவர் புதிதாக வாங்கியது. முட்டை வைப்பதற்கு முன் இங்கே கொண்டுவந்து ‘காட்டிவிட்டு’ப் போவது அந்தத் தெருவில் வழக்கமாகிவிட்டது. அக்கா பள்ளிக்கூட விடுதி ஒன்றின் சமையலறையைப் பல வருடம் கவனித்து ஓய்வு பெற்றவர். அளவு, எடை, நேரம் மூன்றிலும் அவருக்கு இருக்கும் பிடிவாதம் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். நாட்டுக்கோழி வளர்ப்புக்காக, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் திண்டுக்கல்லில் நடத்தும் பயிற்சி மையத்துக்கும் போய் வந்திருக்கிறார். “அங்க சொன்னதெல்லாம் சரிதான். ஆனா அது கீழ நாட்டுக்கு. இங்க வந்து அப்படியே செஞ்சா ஆகாது” என்றார். நான் பார்க்கப் போனதும் அதைத்தான்: கீழே எழுதிய கணக்கு மேலே வந்தால் என்ன ஆகிறது?

வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத சாமான் அறை. சிமெண்ட் தரையின் குளிர் ஏறாதபடி ஒரு மரமேஜை, அதன்மேல் மடித்த கம்பளி, கம்பளியின்மேல் இரண்டு பெட்டிகள். ஒன்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டி. 24 முட்டை பிடிக்கும், மேல்மூடி கண்ணாடி மாதிரித் தெரியும், முட்டையைத் தானே உருட்டும் தட்டு உண்டு. இன்னொன்று வீட்டிலேயே செய்தது. தடித்த தெர்மாகோல் பெட்டி, உள்ளே இரண்டு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேன், டபிள்யூ1209 என்று இணையக் கடைகளில் கிடைக்கும் சின்ன வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை. பார்க்க லட்சணமில்லை. ஆனால் குளிர் ஊருக்கு இதுதான் தோது என்பது அங்கே நின்ற சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் பெட்டியின் மூடி மெல்லியது. உள்ளே 37.5, அறையில் 13. மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி கோத்து நின்று, அவ்வப்போது ஒன்று முட்டைமேல் சொட்டியது. ஹீட்டர் நிமிடத்துக்கு ஒரு தடவை எரிந்து எரிந்து அணைந்தது. தெர்மாகோல் பெட்டியின் பல்போ எரிந்தால் எரியும், அணைந்தால் வெகுநேரம் அணைந்தே கிடக்கும். விலை கொடுத்து வாங்கிய பெட்டிக்கு அக்கா ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துச் சட்டை போட்டிருக்கிறார், காற்றுத் துளை இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டிவிட்டு.

கோழிமுட்டை பொரிய 21 நாள். ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 முதல் 37.8 டிகிரி. முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. அந்த 18 நாளும் முட்டையைத் தினமும் மூன்று தடவையாவது உருட்ட வேண்டும், இல்லையென்றால் கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் எந்தப் பெட்டியை வாங்கினாலும் கூட வரும் தாளில் இவ்வளவும் இருக்கும். வெப்பத்தில் மலைக்கும் சமவெளிக்கும் பேதமில்லை, உள்ளே 37.5 என்றால் எங்கேயும் 37.5தான். வம்பு ஈரப்பதத்தில் இருக்கிறது.

நான் போனது தை மாதத்துச் சாயங்காலம். நாலு மணிக்கே மூடுபனி இறங்கி எதிர்வீட்டுக் கூரையை மறைத்துவிட்டது. சட்டையெல்லாம் நமுத்துப்போயிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் முட்டை காய்ந்து சாகும் என்று யாராவது சொன்னால் சிரிக்கத் தோன்றும். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. 13 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 11 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதையும் தாண்டியது மூடுபனியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால், அதனால் 45 கிராம் வரை தாங்க முடியும். கையில் இருப்பதோ பத்துப் பதினொன்று. ஆக, வெளியே கிட்டத்தட்ட 100 சதவீத ஈரப்பதத்தோடு நிற்கும் மூடுபனி பெட்டிக்குள் நுழைந்ததும் 20 சதவீதச் சொச்சமாகிவிடுகிறது. சென்னையில் 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை அதே பெட்டிக்குள் விட்டால் தண்ணீரே ஊற்றாமல் 50 சதவீதம் வந்துவிடும். சென்னைக்காரர்கள் ‘தண்ணீர் ஊற்றாமலே பொரித்தேன்’ என்று பெருமையாகச் சொல்வது பொய்யல்ல. அவர்களுக்காகக் கடல் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

அதோடு விடவில்லை. 2,133 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 78 சதவீதம்தான். மெலிந்த காற்றில் நீராவி ஓட்டின் துளைகள் வழியே இன்னும் லேசாக நழுவி வெளியேறும். பெட்டிக்குள் ஈரப்பதம் ஒன்றாகவே இருந்தாலும், மதுரையில் ஒரு முட்டை இழக்கும் நீரைவிடக் கொடைக்கானலில் அது கால் பங்குக்கு மேல் கூடுதலாக இழக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். மதுரையில் 50 சதவீத ஈரத்தில் 18 நாளில் தன் எடையில் 12 சதவீதத்தை இழக்கும் முட்டை, இங்கே தண்ணீர் ஊற்றாத பெட்டியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழந்துவிடும். அந்த முட்டையிலிருந்து குஞ்சு வராது. உள்சவ்வு தோலாகக் காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றின் அந்த மெலிவை ஈடுகட்ட மட்டுமே இந்த உயரத்தில் 50 என்பதை 60க்கு நகர்த்த வேண்டியிருக்கிறது.

அக்கா இந்தக் கணக்கெல்லாம் போட்டதில்லை. போடத் தேவையுமில்லை, அவரிடம் நகைக்கடை மாதிரித் தராசு இருக்கிறது. கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும்.

பிளாஸ்டிக் பெட்டியில் அன்று 9ஆம் நாள். மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஒரு முட்டையை எடுத்தார். ஓட்டின்மேல் பென்சிலால் எழுதியிருந்தது: ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், கூரான முனைக்குப் பக்கத்தில் 44.0. பேனா மை துளை வழியே உள்ளே இறங்கிவிடும் என்பதால் பென்சில்தான். தராசில் வைத்தார். 41.1.

“18ஆம் நாள் 38.7க்குப் பக்கத்துல வரணும். பாதி வழியில 41.4 இருந்தாப் போதும். இது கொஞ்சம் முந்திக்கிச்சு.”

44இல் 12 சதவீதம் போனால் 38.7. ஒவ்வொரு முட்டைக்கும் இப்படி ஒரு இலக்கு நோட்டில் எழுதியிருக்கிறது. முந்திக்கொண்டால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுகிறார், பிந்தினால் குறைக்கிறார். பரப்பு என்பதுதான் முக்கியம். கிண்ணத்தில் ஆழமாக எவ்வளவு ஊற்றினாலும் பிரயோசனமில்லை, மேலே விரிந்திருக்கும் நீரின் அகலம்தான் ஆவியைக் கொடுக்கும். அதனால் தொட்டியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைப் பாதி வெளியே நிற்கும்படி செங்குத்தாகச் சொருகினார். தண்ணீரை மூடியைத் திறக்காமல், ஊசி போடும் சிரிஞ்சில் மெல்லிய டியூபைச் செருகித் துளை வழியே விட்டார். வெதுவெதுப்பான தண்ணீர், குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் பெட்டி ஒரு மணி நேரம் தவித்துப்போகுமாம். திரையில் ஈரப்பதம் 58 என்று காட்டியது. “அது சும்மா ஒரு நம்பர்” என்றார். அந்த மலிவுச் சென்சார்கள் ஐந்து, பத்து சதவீதம் முன்னே பின்னே காட்டுவது சகஜம். முட்டையின் எடை பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

எடை பார்த்த முட்டையைக் கீழே வைப்பதற்கு முன், விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சில் அட்டைக்குழல் ஒன்றை வைத்து, முட்டையின் மழுங்கின முனையை அதன் வாயில் பொருத்தினார். முட்டை முழுக்கச் செக்கச் சிவந்தது. மேலே காற்றறை, தெளிவான ஒரு வளைவு. அதற்குக் கீழே ரத்த நாளங்கள் சிலந்தியின் கால்களாக எல்லாப் பக்கமும் ஓடின. நடுவில் கருப்பாக ஒரு புள்ளி, கண். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் புள்ளி விசுக்கென்று ஒரு பக்கம் நீந்தி மறைந்தது. அரிஸ்டாட்டில் இதைப் பார்க்க முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்திருக்கிறார். மூன்றாம் நாள் முட்டையில் துடிக்கும் ரத்தப் புள்ளியாக இதயத்தை அவர் எழுதிவைத்தது இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது. டார்ச் இருந்திருந்தால் கிரேக்கத்தில் எத்தனையோ குஞ்சு பிழைத்திருக்கும்.

அடுத்த முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சம். நாளமும் இல்லை, கண்ணும் இல்லை. “சேவல் கூடாதது. கூமுட்டை.” அதைத் தனியே எடுத்துவைத்தார். உள்ளேயே விட்டால் அழுகி, வெடித்து, பக்கத்தில் இருக்கிற நல்லதையும் கெடுத்துவிடும். இன்னொன்றில் நாளங்கள் கலைந்து சிவப்பு வளையமாகச் சுருங்கியிருந்தது. கரு உண்டாகி நாலைந்து நாளில் செத்ததன் அடையாளம் அது. நோட்டைத் திறந்து அந்த முட்டையின் வரிசைக்கு எதிரே ஒரு குறி போட்டார்.

நோட்டில் இரண்டு பத்தி இருந்தது: ‘மலை’, ‘கீழ’. மலை என்றால் வில்பட்டி, பூம்பாறை பக்கத்து வீடுகளில் வாங்கிய முட்டை. கீழ என்றால் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்தும், வியாழக்கிழமை கூடும் அய்யலூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் மூலமாகவும் வந்த முட்டை. கீழிருந்து வருவதில் இரண்டு தொல்லை. முதலாவது மலைப்பாதை. அத்தனை கொண்டையூசி வளைவுகளிலும் குலுங்கி வரும் முட்டையில் காற்றறை இடம் பெயர்ந்துவிடும். வந்ததும் பெட்டிக்குள் வைக்காமல், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்கிறார். இரண்டாவது, ஓடு. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஹெர்மன் ரானும் கூட்டாளிகளும் 1977இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உயரமான இடத்தில் வாழும் பறவைகள் இடும் முட்டையில் ஓட்டின் துளைப் பரப்பு குறைந்துவிடுகிறது என்று காட்டியது. மெலிந்த காற்றில் நீர் அதிகம் போகாமல் தாயே துளையைச் சுருக்கி அனுப்புகிறது. அவர்கள் பார்த்த உயரங்கள் கொடைக்கானலைவிட அதிகம். இங்கே அந்த வித்தியாசம் எவ்வளவு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவின் நோட்டில் ‘கீழ’ பத்தி முட்டைகள் எடை இறங்குவதில் முந்திக்கொள்வது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. அவற்றைத் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே வைக்கிறார்.

முட்டையைச் சேர்த்து வைப்பதில் மட்டும் மலைக்கு யோகம். பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு வாரம் வரை முட்டையைச் சேர்க்கலாம். அதற்கு ஏற்ற வெப்பம் 13 முதல் 18 டிகிரி. சமவெளியில் சித்திரை மாதம் மண்பானையை ஈரமணலில் புதைத்து, அதற்குள் முட்டையை வைத்துப் பாடுபடுவார்கள். அப்படியும் வெயில் ஏறினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். இங்கே சமையலறை அலமாரியே போதும். முட்டையைச் சேர்க்கத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல ஊர் கிடையாது, பொரிக்க இதைவிடத் தொல்லையான ஊரும் கிடையாது.

காற்றுத் துளையைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் திருகினால் மூடும் சின்னத் துளை. குளிருக்கும் ஈரத்துக்கும் பயந்து மலையில் பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். கேட்டால், “அப்பத்தான் தண்ணி நிக்குது” என்பார்கள். தண்ணீர் நிற்கும், மூச்சு நின்றுவிடும். இங்கே காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல்மட்டக் கணக்கில் சொன்னால் 16 சதவீதம் கொண்ட காற்றுக்குச் சமம். கீழே அது 21. 15 நாளுக்கு மேல் வளர்ந்த கருவுக்கு ஆக்ஸிஜன் தேவை மளமளவென்று ஏறும். அந்தச் சமயத்தில் துளையை அடைப்பது கழுத்தைப் பிடிப்பதற்கு ஒப்பு. அக்கா 10ஆம் நாளுக்கு மேல் துளையை முழுக்கத் திறந்துவிடுகிறார். திறந்தால் ஈரம் குறைகிறது, ஈரத்துக்கு ஸ்பாஞ்சைக் கூட்டுகிறார், ஸ்பாஞ்சு ஆவியாகக் குளிர்கிறது, குளிருக்கு ஹீட்டர் அதிகம் எரிகிறது. மலையில் கரண்ட் பில் அப்படித்தான் வரும். இதே ஊரில் மேட்டின்மேல் 1901இலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு வசதியாக அமைந்த மெல்லிய காற்று, ஒரு முட்டைக்கு எமனாக இருக்கிறது.

கரண்ட் என்றதும் மேஜைக்குக் கீழே பார்த்தேன். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்து போனபோது மரங்கள் கம்பிமேல் விழுந்து பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்குப் பிறகுதான் இங்கே பல வீடுகளில் பேட்டரி வந்தது. சாதாரணக் கரண்ட் கட்டுக்கு இவ்வளவு பதற வேண்டியதில்லை. அடைக்கோழியே தினம் இரை எடுக்க எழுந்து போய் வருகிறது. இரண்டு மூன்று மணி நேரம் குளிர்வதைக் கரு பொறுத்துக்கொள்ளும், வளர்ந்த கரு தானே கொஞ்சம் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் செய்யும். கம்பளியைப் போர்த்திவிட்டு, துளையை மட்டும் மூடாமல் இருந்தால் சரி. சூடு ஏறுவதுதான் பொறுக்காது. கரண்ட் வந்ததும் போர்த்திய கம்பளியை எடுக்க மறந்து, உள்ளே 40ஐத் தாண்டிவிட்டால் அத்தனையும் போச்சு.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை. அதில் துருப்பிடித்த ஆணி, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு அடுப்புக்கரித் துண்டு. நான் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டார்.

“எங்க ஆத்தா கூடையில வைக்கும். இடி இடிச்சா முட்டை கலங்கிப் போகும்னு சொல்லும். பெட்டிக்கு எதுக்குன்னு கேக்காதீங்க. வச்சா என்ன குறைஞ்சா போச்சு?”

கேட்கவில்லை. தராசில் பத்தில் ஒரு கிராம் வரை பார்க்கிறவர் ஆணியையும் வைத்திருப்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. முட்டை நீளமாக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்பதை மட்டும் அவர் நம்புவதில்லை. எண்ணிப் பார்த்துவிட்டாராம்.

தெர்மாகோல் பெட்டியில் 20ஆம் நாள். இரண்டு நாளுக்கு முன்பே முட்டை உருட்டுவதை நிறுத்தி, அடியில் சாக்கு விரித்து, ஈரத்தை 70க்கு ஏற்றிப் பூட்டிவிட்டார். மூடியில் கண்ணாடித் துண்டு பதித்த சின்னச் சதுரம் உண்டு. அதன் வழியே பார்க்கலாம், திறக்கக் கூடாது. காதைக் கிட்டே வைத்தபோது உள்ளிருந்து கீச்சென்று சத்தம். ஓடு உடைவதற்கு முன்பே குஞ்சு காற்றறைக்குள் மூக்கை நீட்டி நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் அங்கிருந்து வருகிறது. ஒன்று கத்த, பக்கத்து முட்டையிலிருந்து பதில் வந்தது. ஒரே அடையில் இருக்கும் முட்டைகள் இப்படிப் பேசிக்கொண்டுதான் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன.

மூன்று முட்டைகளில் நட்சத்திரமாக ஓடு வெடித்திருந்தது. அதில் ஒன்றைத்தான் வெகுநேரம் பார்த்தேன். வெடிப்புக்குள் மூக்கின் நுனி. அதன்மேல் வெள்ளையாக ஒரு கடுகளவு கொம்பு. ஓட்டை உடைக்கவென்றே முளைப்பது அது, சில நாளில் உதிர்ந்துவிடும். குஞ்சு ஒரு முட்டு முட்டும், பிறகு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது இன்னொரு முட்டு. சும்மா கிடக்கும் நேரத்தில் அது ஓய்வெடுக்கவில்லை. ஓட்டுச் சவ்வில் இருக்கும் ரத்தத்தையும், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் வெடிப்புக்கும் முழுதாக வெளியே வருவதற்கும் இடையில் 12 மணி நேரம், சிலதுக்கு 24 மணி நேரம் ஆகும். உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரிக்கிறவர்கள் இழுபடாத ரத்தநாளத்தைக் கிழித்துவிடுகிறார்கள். அந்த மஞ்சள் கரு உள்ளே போய்விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு இரையே வேண்டாம். ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்பும் வியாபாரமே இதை நம்பித்தான் நடக்கிறது.

பிறகு திடீரென்று வேகம் எடுத்தது. குஞ்சு உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப, வெடிப்பு ஓட்டைச் சுற்றிக் கோடாக நீண்டது. ஒரு உதை. மழுங்கின முனை தொப்பியாகக் கழன்று விழ, நனைந்து நசுங்கிய ஒரு உருப்படி வெளியே சரிந்து, பக்கத்து முட்டையின்மேல் தலையைப் போட்டுப் படுத்தது. எனக்கு மூடியைத் திறந்து அதைத் தொட வேண்டும் என்று கை பரபரத்தது. அக்கா என் கைக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். திறந்தால் இந்த ஊர்க் குளிர்காற்று உள்ளே போய் ஈரம் சட்டென்று இறங்கும். வெடித்து நிற்கும் மற்ற இரண்டின் சவ்வும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கீழ்நாட்டில் ஒரு தடவை திறந்தால் மன்னிப்பு உண்டு.

எகிப்தில் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக மண் சூளைகளில் சாணத்தையும் வைக்கோலையும் எரித்து ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தவர்கள், தெர்மாமீட்டர் இல்லாமல், முட்டையைக் கண்இமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்களாம். பிரெஞ்சு அறிஞர் ரியோமர் அந்தத் தொழிலைப் படித்து 1749இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அவர்களுக்கும் கிட்டத்தட்டக் கடல்மட்டத்து நைல் காற்று. கொடைக்கானலில் எந்தப் பெட்டியும் இல்லாமல் பொரித்துக்கொண்டிருக்கிறது சாம்பல் காட்டுக்கோழி. அன்று சாயங்காலம் சோலைப் பக்கத்திலிருந்து அதன் சேவல் கூவியது. நாட்டுச் சேவல் கூவலைவிடக் கரடுமுரடாக, பாதியில் உடைந்த கூவல். நம் நாட்டுக்கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தத் தென்னாட்டுச் சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் உப்சலா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உறவு இருக்கிறதே என்று காட்டில் முட்டை பொறுக்கிவந்து பெட்டியில் வைக்கிறவர்கள் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். ஜெயிலுக்குப் போக நேரும்.

பொரித்த பிறகுதான் மலையில் உண்மையான செலவு. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். சமவெளியில் இரண்டு மூன்று வாரத்தில் பல்பை அணைத்துவிடுவார்கள். இங்கே தையில் பொரித்தால் ஆறு வாரம்கூட எரிய வேண்டியிருக்கும். செலவைப் பார்த்து அறைக்குள் கரியடுப்பு மூட்டுவது குஞ்சுக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து; மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி இந்த ஊரில் வந்திருக்கிறது.

அக்கா குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் வேலையைக் கோழி தலையில் கட்டிவிடுகிறார். பின்பக்கக் கொட்டடியில் பஞ்சாரத்துக்குக் கீழே ஒரு சிறுவிடைப் பெட்டை அடை படுத்திருந்தது. அதற்கடியில் இருப்பது வெறும் கூமுட்டைகள், இந்தக் குஞ்சுகள் வரும்வரை அதை உட்காரவைக்க. நாளை இரவு, நன்றாக இருட்டிய பிறகு, காய்ந்து பஞ்சாகிய குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் தள்ளி, கூமுட்டைகளை உருவிவிடுவார். பகலில் செய்தால் கொத்தும். இருட்டில் தள்ளினால் விடியும்போது தான் பொரித்ததென்றே எண்ணிக்கொள்ளும். ஒரு கோழியால் பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் அணைக்க முடியாது. இந்தக் குளிரில் எட்டோடு நிறுத்திக்கொள்கிறார். பொரிக்கும் வேலையைப் பெட்டிக்கும் வளர்க்கும் வேலையைக் கோழிக்கும் பிரித்துக் கொடுத்திருப்பது, இரண்டில் எதையும் முழுதாக நம்பாத ஆளின் ஏற்பாடு. மற்ற கோழிகள் அடை உட்காராமல் திரும்ப முட்டைக்கு வந்துவிடுகின்றன.

இன்னொரு ஏற்பாடு தெரு முழுக்கச் சேர்ந்தது. வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் விடும் லசோட்டா மருந்து குறைந்தது 100 குஞ்சுக்கான குப்பியாகத்தான் கிடைக்கிறது. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். எட்டுக் குஞ்சுக்கு ஒரு குப்பி கட்டுப்படியாகாது. அதனால் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் முட்டை வைக்கின்றன. டம்ளரில் சென்சார் முங்கியிருந்த அந்தப் புதுப் பெட்டிக்குச் சொந்தக்காரரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டவர்தான்.

மறுநாள் மத்தியானம் நான் போனபோது தெர்மாகோல் பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. வராத முட்டைகளை அக்கா பின்கட்டில் ஒரு பழைய தட்டில் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். நாற்றத்துக்கு மூக்கில் முந்தானை. பெரும்பாலோர் இவற்றை அப்படியே குழியில் தள்ளிவிடுவார்கள். இவர் உடைத்துப் பார்த்து எழுதுகிறார். முதலாவதில் இறகு முளைத்து முழுதாக வளர்ந்த குஞ்சு, மஞ்சள் கரு உள்ளே போகவில்லை, உடம்பு நீர்கோத்து ஊதியிருந்தது. “இதுக்குத் தண்ணி ஜாஸ்தி.” இரண்டாவதில் குஞ்சின்மேல் சவ்வு காய்ந்த தோலாக ஒட்டியிருந்தது. நோட்டைத் தேடி எண்ணைப் பார்த்தார். ‘கீழ’ பத்தி. மூன்றாவது பத்துநாள் வளர்த்தி. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி பேட்டரி தீர்ந்துபோனதாம். தேதியைப் பொருத்திப் பார்த்துவிட்டு அதையும் எழுதினார். ஒரே பெட்டியில் ஒன்றுக்குத் தண்ணீர் கூட, இன்னொன்றுக்குக் குறைவு.

“அடுத்த தடவ மலை முட்டையும் கீழ முட்டையும் ஒரே பெட்டியில வைக்கப் போறதில்ல” என்றபடி நோட்டை மூடிவிட்டு, பொரிந்த ஓடுகளைச் சட்டியில் போட்டு வறுக்க எடுத்துப் போனார். நொறுக்கிக் கோழிகளுக்கே போடுவதற்கு.